எண்பது பேருக்கு ஒரு கலாதேவி

ஈப்போவில் எந்த ஹோட்டலில் எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் சரி, மேடைக்கு முன்னால் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் நிறைந்திருந்தால் அதில் பாதிப் பேர் கலாதேவி ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். இதை எந்தப் பேராசிரியரும் தன் கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதியதில்லை. மனைவிக்கு நன்றி, பூனைக்கு நன்றி என்றெல்லாம் எழுதுவார்கள். காலை எட்டு மணிக்கு அறுபது பேரைக் குளிப்பாட்டாத குறையாகக் கிளப்பிக் கொண்டுவந்தவளுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

கலாதேவிக்கு ஐம்பத்தொன்பது வயது. சுங்காய் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் பால்வெட்டப் போனவள். தோட்டம் கைமாறி, ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபோது சட்டி பானையோடு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்து, ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். ஆய்வுலகத்தோடு அவளுக்கு முதல் அறிமுகம் அந்தப் பாத்திரத் தொட்டியில்தான் ஏற்பட்டது. கருத்தரங்கு என்று பேனர் கட்டி, நூற்றைம்பது பேருக்குச் சமைக்கச் சொல்வார்கள். வருவது முப்பது பேர். அந்த முப்பதிலும் பத்துப் பேர் பேச்சாளர்கள். மிச்சக் கோழியெல்லாம் கறுப்புப் பையில் குப்பைக்குப் போகும். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஏற்பாட்டாளர் பெண் ஒருத்தி சமையற்கட்டு வாசலில் நின்று அழுதாள். கோலாலம்பூரிலிருந்து பெரிய அதிகாரி திறந்துவைக்க வருகிறார், மண்டபம் காலி. கலாதேவி கையைத் துடைத்துக்கொண்டு நாலு போன் போட்டாள். நாற்பது நிமிடத்தில் புந்தோங்கிலிருந்து இரண்டு வேன் வந்து நின்றது. கோயில் மகளிர் குழு, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்கள், பேரன் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த பெண்கள். அதிகாரி பூரித்துப்போய், சமூகத்தின் அறிவுத்தாகம் பற்றி இருபது நிமிடம் அதிகமாகப் பேசினார். கலாதேவி அந்த மாதமே பாத்திரத் தொட்டியை விட்டாள்.

அதன்பிறகு ஏற்பாட்டாளர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தொழில் தானாக வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் இத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்டினால்தான் அடுத்த வருட நிதி வரும் என்று ஒரு விதி இருப்பதை அவள் கண்டுகொண்டாள். கலாதேவிக்கு அது போதும். ‘அறிவுக் கூட்டம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். மனிதவியல், சமூக அறிவியல் சம்பந்தமான நிகழ்ச்சிச் செய்திகள் பேராக் மாநிலம் முழுவதும் முதலில் வருவது அந்தக் குழுவில்தான். ஆனால் அவள் மொழிபெயர்த்துப் போடுவாள். ‘பின்காலனியப் பெருந்தோட்ட வெளிகளில் உழைப்பும் நினைவும்: ஒரு பல்துறை உரையாடல்’ என்று அழைப்பிதழ் வந்தால், குழுவில் இப்படி வரும்:

“சனி காலை எட்டு. ஏசி ரொம்பக் குளிரு, சால்வ எடுத்துக்குங்க. பேசுறவங்க நாலு பேரு, மூணாவது ஆளு நிறுத்த மாட்டாரு, அப்ப டாய்லெட் போய்க்கலாம். மதியம் கோழி, மீன் ரெண்டும். பை குடுப்பாங்க, நல்ல பை.”

ஆட்களுக்கு அவள் வைத்த விதிகள் கண்டிப்பானவை. முதல் வரிசையில் தூங்கக் கூடாது. குறிப்பெடுப்பதுபோல் எழுதவேண்டும், மளிகைச் சாமான் பட்டியலானாலும் பாதகமில்லை. மேடையில் கைதட்டினால் தட்டவேண்டும். கேள்வி நேரத்தில் எக்காரணம் கொண்டும் கையைத் தூக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறியதற்காகச் சன்னாசியை இரண்டு மாதம் தள்ளிவைத்திருந்தாள். சன்னாசிக்கு எழுபது வயது, ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அவளோடு பால் வெட்டியவர். மைக்கைப் பிடித்து அவர் கேட்ட ஒரே கேள்வி, “மக்கான் எப்பலா?” சாப்பாடு எப்போது என்று.

இந்த ஆய்வாளர்களில் கலாதேவிக்கு உண்மையிலேயே பிடித்தவன் நைஜல். லகாட்டில் பிறந்தவன், முப்பத்துநாலு வயது, மாதா கோயிலில் கித்தார் வாசிப்பவன், பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளன். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் வேலை. பேச்சை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவான், அதனால் அவளிடம் அவனுக்குத் தனி மரியாதை. போன வருடம் அவன் ஒரு பெரிய பெட்டியோடு புந்தோங்கில் அவள் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, இந்தத் தடவ ஆளு வேணாம். ஏழாங்கட்டைத் தோட்டத்துல இருந்தவங்க எண்பது பேரு இந்தத் தாள நிரப்பணும். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே.”

“எப்ப வேணும் தம்பி?”

“வெள்ளிக்கிழமக்குள்ள. இல்லாட்டி காசு திரும்பிப் போயிரும், நானும் போயிருவேன்.”

அன்று திங்கட்கிழமை. தாள் ஒவ்வொன்றும் பதினான்கு பக்கம், அறுபத்திரண்டு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண். ஒன்று என்றால் அறவே வேண்டாம், ஐந்து என்றால் முழுச் சம்மதம். தோட்டத்து ஆட்களோ சுங்காய், லகாட், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிக் கிடந்தார்கள். கலாதேவி செவ்வாய்க்கிழமை முழுக்கப் போன் போட்டுப் பார்த்தாள். நேரமில்லை என்றார்கள், கண் தெரியவில்லை என்றார்கள், ‘சும்மா போடு கலா’ என்றார்கள். புதன்கிழமை காலை அவள் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நிறப் பேனா, ஒரு மை டப்பா சகிதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

பெயர்கள் மனப்பாடம். எழுபத்துநாலுக்குமேல் ஞாபகத்துக்கு வராமல் போனபோது, செத்துப்போனவர்களில் ஆறு பேரைச் சேர்த்தாள். கையெழுத்துக்குக் கைநாட்டு. பத்து விரலும் தீர்ந்தபின் கால் பெருவிரலையும் விட்டுவைக்கவில்லை. பதில்கள் இயற்கையாகத் தெரியவேண்டுமே என்று பேப்பரில் வந்த நம்பர் குலுக்கல் முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன்படியே வட்டம் போட்டாள். ஐந்துக்கு மேற்பட்ட எண் வந்தால் ஐந்தைக் கழித்துக்கொண்டாள். நாற்பதாவது கேள்விவரை இந்த நேர்மை தாங்கியது. அதற்குப்பின் கழுத்து வலித்தது, அடுப்பில் குழம்பு பொங்கியது, எல்லாவற்றுக்கும் நாலு, ஐந்து என்று சம்மதமாகவே வட்டம் போட்டுத் தள்ளினாள். ஆங்காங்கே ஒரு இரண்டு. தோட்டத்தில் ஆபீசிலிருந்து வரும் தாளுக்கு ஆமாம் போட்டே வளர்ந்த கை அது. படித்த பிள்ளை கேட்கிறது, இல்லை என்று சொன்னால் மனசு வருத்தப்படும் என்றும் நினைத்தாள்.

நைஜல் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். நடுவில் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “தேங்க்ஸ்க்கா” என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

இதற்கிடையில் ராமையாவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ராமையா கலாதேவியின் புருஷன். நல்ல மனிதன் என்று ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை, அவளும் சொல்வதில்லை. குடிப்பான், பொய் சொல்வான், நம்பர் வாங்குவான். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுடைய தையல் மெஷினை விற்றுவிட்டான். அவள் சீட்டுக் கட்டி வாங்கிய மெஷின். கலாதேவி திட்ட ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தால் முடிக்க நேரமாகும் என்பது அவனுக்குத் தெரியும். பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு “வாரேன் இரு” என்று கிளம்பியவன், கள்ளுக்கடைக்குப் பின்னால் சாக்கடையில் விழுந்து கழுத்து முறிந்து செத்தான். தோட்டத்து இடுகாட்டில் புதைத்து, ஹோட்டல் கழிவறை வேலையில் மிஞ்சிய நீலக் கல்லைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கிப் பிறகு மேலே பதித்தாள்.

வருடத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிச் சுங்காய்க்குப் போவாள். செம்பனைக்கு நடுவில் அந்த இடுகாடு இன்னும் கிடக்கிறது. ஒரு டின் கறுப்பு பீரைத் திறந்து கொஞ்சம் கல்லில் ஊற்றுவாள், மிச்சத்தைக் குடித்துக்கொண்டே அவனைத் திட்டுவாள். தையல் மெஷினில் தொடங்கிக் கல்யாணத்துக்கு முந்தின பொய்கள்வரை போவாள். பிள்ளைகள் இல்லை, பேச்சுத்துணைக்கு வேறு ஆளுமில்லை. உலகத்தில் அவள் மனசு விட்டுப் பேசுகிற இடம் அது ஒன்றுதான். திட்டி முடித்துத் திரும்பும்போது அவளுக்கு இரண்டு நாளைக்கு நல்ல தூக்கம் வரும்.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் நைஜலின் ஆய்வு முடிவு வெளியீடு. ஈப்போவில் பெரிய ஹோட்டல். ஐம்பது பேர் வேண்டும் என்றான். கலாதேவி ஐம்பத்திரண்டு பேரை இறக்கினாள். அவர்களில் பத்தொன்பது பேர் ஏழாங்கட்டைத் தோட்டத்துக்காரர்கள். முதல் வரிசையில், தோட்டத்தை வாங்கியிருக்கும் வீடமைப்பு நிறுவனத்திலிருந்து ஒருவர், கழுத்துப்பட்டை, கையில் தடித்த கோப்பு. மேடையில் வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர் தலைமை. கலாதேவி வழக்கம்போல் பின்சுவரோரம் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நைஜல் ஆங்கிலத்தில் பேசிவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலும் சுருக்கமாகச் சொன்னான். நாற்பத்தேழாம் கேள்விக்கு வந்தான். ‘மரபுசார் நினைவுவெளிகளை ஒருங்கிணைத்து மேம்படுத்துவதை எந்த அளவுக்கு ஆதரிக்கிறீர்கள்?’ எண்பத்துமூன்று விழுக்காட்டினர் ஆதரவு. பக்கத்தில் ஒரு புகைப்படம் விழுந்தது. செம்பனை, புல், அதற்கு நடுவில் நீலக் கல்.

“அதாவது,” என்றான் நைஜல், “தோட்டத்துச் சுடுகாட்ட அங்கருந்து எடுத்து, எல்லாரையும் ஒரே நினைவுத் தோட்டத்துல ஒண்ணா வைக்கிறதுக்கு முன்னாள் குடியிருப்பாளர்கள் சம்மதம் சொல்லியிருக்காங்க.”

கழுத்துப்பட்டைக்காரர் தலையாட்டிக் கோப்பில் எழுதினார். கலாதேவி தலைகளை எண்ணுவதை விட்டாள். எல்லாரையும் ஒன்றாக என்றால், எந்த எலும்பு ராமையா? யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷனை, தன் பொண்டாட்டியின் தையல் மெஷினைத் தொடாதவனை, அவள் போய்த் திட்டிக்கொண்டிருக்க முடியுமா? சம்மதம் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சம்மதத்தைக் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தபோது போட்டவளே அவள். வாயைத் திறந்தால் தொழில் போகும், நைஜல் போவான். திறக்காவிட்டால் ராமையா போவான், இந்தத் தடவை நிஜமாகவே.

கேள்வி நேரம் வந்தது. கலாதேவி கையைத் தூக்கினாள். அவளுடைய ஐம்பத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்த எண்பது தாளையும் நாந்தான் எழுதினேன்,” என்றாள் மைக்கில். “ஒருத்தரையும் கேக்கல. எல்லாம் நானே போட்டது.”

நைஜல் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்தான். மேடை அவனைப் பார்த்தது, மொழிபெயர்க்க அவன்தான். தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, எண்பது பேரின் குரலாகத் தான் பேசுவதாக இந்த அம்மா சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பேராசிரியை நெஞ்சில் கைவைத்தார். ஒரு தனிப் பெண் எண்பது பேராகிப் பேசுவது கூட்டுத்தன்மையின் உச்சம், எழுத்தாளர் என்ற கருத்தையே உடைக்கிறது, தன் அடுத்த கட்டுரையில் இதைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றார். மேடையில் கைதட்டினார்கள். மேடையில் தட்டினால் தட்டவேண்டும் என்பது விதி. ஐம்பத்திரண்டு பேரும் தட்டினார்கள்.

கலாதேவிக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் உண்மையைச் சொன்னதற்குக் கைதட்டல் விழாது என்கிற அளவுக்கு உலகம் தெரியும்.

“சாயா திப்பு!” என்று மலாயிலேயே கத்தினாள். ஏமாத்தினேன் என்று. பிறகு மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விடியற்காலையில் தோட்டத்தில் பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்க்கும் கங்காணியின் குரலில் கூப்பிட ஆரம்பித்தாள்.

“சன்னாசி!”

பழக்கதோஷம். சன்னாசி விருட்டென்று எழுந்து நின்றார். “இருக்கேன்!”

“நீங்க தாள் எழுதினீங்களா?”

“நான் எங்க எழுதினேன்? கண்ணாடி ஒடஞ்சு ரெண்டு வருசம் ஆச்சுலா.”

“காளியம்மா!”

“என்னைய யாரு கேட்டா? எங்கப்பன் அங்கதான கெடக்கான். கேட்டிருந்தா வெளக்கமாத்தால அடிச்சிருப்பேன்.”

“ஜெயபாலன்!”

“இல்லக்கா.”

மூன்றாவது ஆளுக்குப்பின் நைஜல் மொழிபெயர்க்கத் தொடங்கினான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே. ‘நோ’ என்றான். அடுத்த பெயருக்கும் ‘நோ’. பத்தாவது பெயருக்கு அவன் குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பத்தொன்பது பேரும் எழுந்து நின்று சொன்னார்கள். பேராசிரியை கையை நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டார்.

“ராமையா!” என்றாள் கலாதேவி.

தோட்டத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“ராமையா வரல. அவரும் ஒரு தாள் எழுதியிருக்காரு, அஞ்சு போட்டிருக்காரு, முழுச் சம்மதம்.” திரையில் இன்னும் அந்தப் படம் இருந்தது. அவள் கையை நீட்டினாள். “அந்த நீலக் கல்லுக்கு அடியில படுத்திருக்கிறது அவருதான்.”

நைஜல் அதையும் சொன்னான், ஒரு வார்த்தை விடாமல்.

பிறகு சாப்பாடு. எல்லோரும் சாப்பிட்டார்கள். உண்மை வெளிவந்துவிட்டது என்பதற்காகக் கோழியை ஆறவிட முடியாது என்பது சன்னாசியின் கட்சி. கழுத்துப்பட்டைக்காரர் மட்டும் சாப்பிடாமல் போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். கலாதேவி அன்று ஒரு வாய் சோறு தொடவில்லை.

பல்கலைக்கழகம் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நைஜலை விசாரித்தார்கள். எண்பது பேரையும் நேரில் பார்த்து முதலிலிருந்து செய், ஆறு மாதம் தருகிறோம், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நிறுவனம் அந்த இடத்தில் இன்னும் மண் தோண்டவில்லை, தோண்டமாட்டோம் என்றும் சொல்லவில்லை. கலாதேவியை எந்த ஹோட்டலும் எந்தத் துறையும் கூப்பிடுவதில்லை. ‘அறிவுக் கூட்டம்’ குழுவில் இப்போது காலை வணக்கப் படங்கள்தான் வருகின்றன. அவள் இடியப்பம் அவித்துப் பசாரில் விற்கிறாள்.

போன மாதம் ஒரு மத்தியானம், நல்ல மழையில், நைஜல் வந்தான். நனைந்திருந்தான். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“மன்னிச்சிரு தம்பி. உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்.”

“எண்பது தாளு, மூணே பேனா கலருக்கா. அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் பெட்டிய மூடினேன்.” தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். “ஹால்ல நீங்க சொன்னதையும் மாத்திச் சொன்னேன். நீங்க என்னத்த மன்னிப்புக் கேக்குறீங்க?”

பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தான். பதினான்கு பக்கம் இரண்டாகியிருந்தது. நாற்பத்தேழாவது கேள்வி முதல் கேள்வியாகியிருந்தது. அதை அவன் வாய்விட்டுப் படித்தான்: தோட்டத்து இடுகாட்டைத் தோண்டி, எலும்புகளை வேறொரு இடத்தில் ஒன்றாக வைக்கலாமா?

“இது உங்க தாளுக்கா. உங்களுக்கு மட்டும். ஒண்ணுலேருந்து அஞ்சு. எந்த நம்பர்?”

எண்பது பேருக்குப் பதில் சொன்னவளுக்கு ஒருத்திக்குச் சொல்ல வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்று குரலை உயர்த்தி, “ஒண்ணு,” என்றாள். “அதுக்குக் கீழ ஏதாச்சும் இருந்தா அதப் போடு.”

அவன் ஒன்றில் வட்டம் போட்டான். தாளின் அடியில், காரணம் எழுதுவதற்கு இரண்டு கோடு விட்டிருந்தது. “காரணம் என்னான்னு போடட்டும்க்கா?”

“எழுது,” என்றாள் கலாதேவி. “அந்த ஆளு செத்துப் பதினாறு வருசம் ஆச்சு. நான் இன்னும் திட்டி முடிக்கல.”